தோணி ஏறுமுன் எவ்வளவு வரலாறு?

ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யை முதுகலை மாணவர்களுக்கு முதன்முதலாக நடத்தியபோது எந்த முன்னுரையும் இல்லாமல் நாவலுக்குள் இறங்கினேன். ஜப்பானியப் படை மேடான் நகருக்குள் நுழைகிறது. சில பக்கங்கள் போனதும் ஒரு மாணவி எழுந்தாள். “ஐயா, மேடான் எந்த நாட்டுல இருக்கு? அங்க நம்ம ஊர் வட்டிக்கடை எப்படி வந்துச்சு?” கேள்வியில் தப்பே இல்லை. மறு ஆண்டு வரலாற்றை முதலில் வைத்தேன். இரண்டு வாரம், குழுவுக்கு ஒரு தலைப்பு, ஆளுக்கொரு பவர்பாயிண்ட். நாவலைத் தொட்டபோது ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. அதுதான் உறுத்தியது.

போர் நாவலுக்கு முன் போரைத் தேடிப் படிக்கவைக்கும் முறைக்கு வலுவான காரணங்கள் உண்டு. நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த இரண்டாம் உலகப் போர் ஹிட்லரில் தொடங்கி ஹிரோஷிமாவில் முடிந்துவிடுகிறது. 1941 டிசம்பரில் ஜப்பானியர் கோத்தா பாருவில் கரையேறியதும், அதே மாதம் ஆங்கிலேயர் பினாங்கிலிருந்து வெள்ளைக்காரர்களை மட்டும் கப்பலேற்றிவிட்டு மற்றவர்களைக் குண்டுக்கு விட்டுவிட்டுப் போனதும், 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் சரணடைந்ததும் தெரியாமல் நாவலின் நாயகன் பாண்டியனைப் படித்தால், ஜப்பானோடு கைகோத்த இந்திய தேசிய ராணுவத்தில் தமிழ் இளைஞன் ஏன் நிற்கிறான் என்பது விளங்காது. நாவலே கற்றுக்கொடுக்கட்டும், வெறுங்கையோடு போகலாம் என்பவர்களும் இருக்கிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. சிங்காரம் மலாய்ச் சொல்லையும் டச்சுத் தெருப்பெயரையும் நிறுத்தி விளக்குகிற எழுத்தாளர் அல்லர். 1962-இல் எழுதிய நாவல் 1972-இல்தான் அச்சேறியது. பரவலாகப் பேசப்பட இன்னும் பல ஆண்டுகள் ஆயின. அந்தப் போர் நம் பொது நினைவில் இல்லாமல் போனதும் ஒரு காரணம் என்பது என் ஊகம்.

தேடலில் சில நேரம் புதையலே கிடைக்கிறது. புதுக்கோட்டைப் பக்கத்து மாணவன் ஒருவன் வீட்டுத் தகரப் பெட்டியிலிருந்து பத்து டாலர் நோட்டு ஒன்றைக் கொண்டுவந்தான். ஜப்பானியர் மலாயாவில் அடித்துவிட்ட வாழைமர நோட்டு. கொள்ளுத்தாத்தா கொண்டுவந்தது, எதற்கு வைத்திருந்தார் என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். குலை தள்ளிய வாழை தெரிகிறது, தொடர் எண்ணைக் காணோம். இரண்டு எழுத்துதான். எண் ஏன் இல்லை என்று ஆரம்பித்த பேச்சு, கணக்கு வழக்கில்லாமல் அச்சடித்ததற்கும், விலைவாசிக்கும், போருக்கு முன் வாங்கிய கடனை இந்தக் காகிதத்தால் அடைத்தவர்களுக்கும் போனது. அந்த அடைப்பு செல்லுமா என்று போருக்குப் பின் மலாயாவில் சட்டமே போட வேண்டியிருந்தது. கடை வைத்து வட்டிக்கு விட்டவனின் அடிவயிறு எப்படிக் கலங்கியிருக்கும் என்பதை அந்த ஒரு தாள் சொல்லிவிட்டது. இருபது ஸ்லைடு சொல்லவில்லை.

சேதமும் அந்தத் தேடலில்தான் ஆரம்பம். போர் என்று தலைப்புக் கொடுத்து அனுப்பினால் பிள்ளைகள் போரை மட்டும் தேடிக்கொண்டு திரும்புகிறார்கள். இந்த நாவலின் உயிரில் பாதி மதுரைத் தெருக்களிலும் சின்னமங்கலத்து நினைவுகளிலும் கிடக்கிறது. கடல் கடந்தவன் மனத்துக்குள் ஊரைச் சுற்றிக்கொண்டே இருக்கிறான். ஒரு குழு அந்தப் பக்கங்களைக் ‘கதைக்குத் தேவையற்றவை’ என்று எழுதிக் கொடுத்தது. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, அளவுகோலைக் கையில் கொடுத்தவன் நான். நேதாஜி விஷயத்தில் இன்னும் மோசம். 1943 ஜூலையில் சிங்கப்பூர், அக்டோபர் 21-இல் தற்காலிக அரசு என்று தேதிகளோடு பக்தியையும் சேர்த்துக் கொண்டுவந்தார்கள். சிங்காரமோ எதையும் கும்பிட்டு எழுதியவர் அல்லர். தமிழ்ப் பெருமைப் பேச்சையே குத்திக் கிழிப்பவர். அந்த எள்ளலைச் சிலர் அச்சுப்பிழை போலத் தாண்டிப் போனார்கள்.

பெரிய சேதம் இன்னொன்று. மலாக்கா நீரிணையில் தொங்கான் என்னும் பாய்மரக் கப்பல் புயலில் மாட்டிக்கொள்ளும்போது, அதில் இருப்பவர்களுக்கு அடுத்த மாதம் தெரியாது, அடுத்த மணிநேரமே தெரியாது. என் மாணவர்களுக்கோ 1945 வரை தெரியும். இம்பால் போர்முனையில் அந்தப் படைக்கு என்ன நடக்கும், ஜப்பான் எப்போது சரணடையும், சுகர்னோ என்றைக்கு விடுதலையை அறிவிப்பார், எல்லாம் மனப்பாடம். தோற்கப்போகிற படையில் சேருகிறானே என்று பாண்டியன்மேல் பரிதாபப்பட்டார்கள். 1943-இல் அங்கே வாழ்ந்தவனுக்கு அப்படி ஒரு வசதி இல்லை. அந்த இருட்டுதான் போர் நாவலின் சரக்கு; விளக்கைப் போட்டுக் கெடுத்தவன் ஆசிரியன்.

ஆகவே இப்போது இரண்டு வகுப்பு போதும் என்று வைத்திருக்கிறேன். ஒன்றில் வரைபடம்: சுமத்ராவில் மேடானின் துறைமுகமான பெலாவான், பினாங்கு, நடுவில் நீரிணை. இன்னொன்றில் கடை: முதலாளி, மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன், யார் யாருக்கு அடங்கியவர் என்று. காலக்கோடு 1942 மார்ச்சில், ஜப்பானியர் மேடானைப் பிடித்த இடத்தில், நின்றுவிடும். அதற்கப்பால் வரலாறு நாவலுக்குப் பின்னாலேயே நடந்து வரட்டும். கதை பினாங்குக்குப் போனபின் வாழைமர நோட்டு. படை முகாம் வரும்போது 415 கிலோமீட்டர் சயாம் மரண ரயில் பாதை. அதற்குத் தோட்டத் தமிழர்களை லாரி லாரியாக அள்ளிப்போனதும், அதற்குப் பயந்தே படையில் பெயர் கொடுத்தவர்கள் இருந்ததும். வேகமாகப் படிக்கிற பிள்ளைகளுக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை, செல்போனில் முன்கூட்டியே தேடிவிடுகிறார்கள். தடுக்க வழியில்லை.

இந்த ஆண்டு வகுப்பில் தொங்கான் இப்போதுதான் பினாங்கை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. இம்பால் என்ற பெயரை இதுவரை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.