முன்னவர் கல்

சர்வே பிளான் ஒன்று கையில் கிடைத்தால் சிலர் எழுத்தழகைப் பார்ப்பார்கள், சிலர் வடக்கு அம்பின் நகாசு வேலையை. ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல் கணக்கில் 72 தாளாக வந்த இலங்கைப் படத்தில், நுவரெலியாத் தாளைச் சட்டம் போட்டு மாட்டி வைத்தவர்களும் இருக்கிறார்கள். நல்ல ரசனைதான். நான் முதலில் பார்ப்பது மூலைகளை. மூலைக்கல் புதிதாக நட்டதா, முன்பே இருந்ததா? 'இருந்தது' என்று குறித்திருந்தால் அந்தச் சர்வேயருக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு.

மலைநாட்டில் அப்படிக் குறிப்பது லேசான காரியமில்லை. கவ்வாத்து வெட்டி நாளான மலையில் தேயிலைத் தூர்களுக்குள் ஆள் நுழைவதே பாடு. கான் வெட்டிய மண் கல்லை மூடியிருக்கும், மழை அதன்மேல் இன்னும் கொஞ்சம் கொண்டுவந்து போட்டிருக்கும். சரிவில் 66 அடிச் சங்கிலியை முழுதாக நீட்டவும் முடியாது. துண்டு துண்டாக மட்டம் பிடித்து, தூக்குக்குண்டு விட்டு விட்டுத்தான் இறங்க வேண்டும். பாதியில் கிரேட் வெஸ்டர்ன் பக்கமிருந்து மூட்டம் இறங்கிவிட்டால் எதிரே பிடித்த கம்பு தெரியாது. உட்கார்ந்து வெற்றிலை போட வேண்டியதுதான்.

ஹட்டன் பக்கத்தில் ஒரு பழைய சர்வேயர் இருந்தார். என் ரசனையெல்லாம் அவரிடம் பிடித்துக்கொண்டது. முந்தைய பிளானை வைத்துக் கணக்குப் போட்டு, ஒரு தூரைக் காட்டி "இங்க தோண்டு தம்பி" என்பார். மண்வெட்டி கல்லில் தட்டும். தன் கணக்குக்கும் கல்லுக்கும் நாலு அங்குலம் வித்தியாசம் வந்தாலும் கல்லை அசைக்க மாட்டார். "அவரும் கணக்குத் தெரிஞ்சுதானே நட்டிருப்பாரு?" முன்பு அளந்தவர் உயிரோடிருந்தால் வேலை தொடங்குமுன் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லுவார், களக்குறிப்பைக் கேட்டு வாங்குவார். அந்த மனிதர் எதிர்த்தரப்புக்கு அளந்தவராக இருந்தாலும் இதே வழக்கம்தான். வழக்கு கோர்ட்டில், தேத்தண்ணி ஒரே கடையில்.

ஓர் எல்லைத் தகராறில் இரு தரப்புச் சர்வேயர்களும் வெவ்வேறு நாளில், ஒருவர் வந்தது மற்றவருக்குத் தெரியாமல், ஒரே தூரடியைக் காட்டினார்கள். இரண்டாவதாகப் போனவர் இந்த ஹட்டன்காரர். முதலில் வந்தவர் மண்ணை மூடிவிட்டுப் போகாமல், அடுத்து வருபவருக்குச் சிரமம் வேண்டாமென்று கல்லருகே ஒரு கவ்வாத்துக் குச்சியைக் குத்தி வைத்திருந்தார். அதைச் சொல்லும்போதுதான் இவர் முகம் மலரும். கணக்கு ஒத்துப்போனது இவருக்கு இரண்டாம் பட்சம்.

தென்னிந்தியாவை அளந்த லாம்டனின் அரை டன் தியோடலைட், அதாவது கோணம் அளக்கும் கருவி, என்றதும் நம்மவர்கள் 1808இல் தஞ்சைப் பெரிய கோவிலில் கயிறு அறுந்து அது சுவரில் மோதிய கதையைத்தான் எடுப்பார்கள். எனக்குப் பிடித்தது அதற்கு முந்தியது. இங்கிலாந்திலிருந்து வரும் வழியில் பிரெஞ்சுக்காரர்கள் அதைப் பிடித்து மொரீசியஸுக்குக் கொண்டுபோனார்கள். அது என்ன கருவி என்று தெரிந்ததும் பகையைப் பாராமல், மரியாதைக் கடிதமொன்றும் வைத்துச் சென்னைக்கு அனுப்பிவிட்டார்கள். ஹட்டன்காரருக்கு இந்தக் கதை தெரியாது. தெரிந்திருந்தாலும், இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்றுதான் கேட்டிருப்பார்.

நம் மலைநாட்டை முன்பு அளந்தவர்களில் தாமஸ் ஸ்கின்னரைப் பாதை போட்டவராகவே கொண்டாடுகிறார்கள். கொண்டாடட்டும். எனக்கு அவர் 1830களில் தியோடலைட்டோடு இந்தக் காடுகளில் அலைந்தவர். 1862இல் ஜெனரல் ஃப்ரேசர் பெயரில் வெளிவந்த இலங்கைப் படத்தில் இவருடைய கால்வலியும் உண்டு. 1867இல் ஓய்வு பெற்றார். அதே 1867இல்தான் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். யாரும் திட்டமிட்டதில்லை.

இப்போது செய்மதிக் கருவியைக் கம்பில் மாட்டிக்கொண்டு வருகிறார்கள். கருவியில் குறையில்லை, மூட்டத்திலும் வேலை செய்கிறதே, அது பெரிய வரம். ஆனால் யாரும் தோண்டுவதில்லை. பழைய கல்லுக்கு அரையடி தள்ளிப் புதுக்கல் முளைக்கிறது, முன்பு அளந்தவருக்கு ஒரு போன்கூடப் போவதில்லை. துரைமார் காலத்து ஏக்கர்க் கணக்கில் அரையடி போனால் கேட்பார் இல்லை. பிற்பாடு தோட்டக் குடும்பத்துக்கு வீட்டுக்கென்று அளந்து கொடுத்தது 7 பேர்ச்சஸ். சதுரமாகப் போட்டால் ஒரு பக்கம் 44 அடிகூட வராது. அதில் ஒரு பக்கம் அரையடி விலகினால் ஓர் ஆள் பாய் விரிக்கும் இடம் போயிற்று.

டெய்லர் தேயிலை போட்ட அந்த 19 ஏக்கரும் தோட்டக் கணக்கில் 7ஆம் நம்பர் மலைதான். அதை 7 பேர்ச்சஸ் துண்டுகளாக வெட்டினால் 434 வீட்டுக்கு இடம் வரும். பாதைக்கு விட்டால் குறையும். ஸ்கின்னராக இருந்தால் முதல் கோட்டைப் பாதைக்குத்தான் போட்டிருப்பார்.