யாருடைய வசந்தம்?

பருவ விழா எதுவும் வானத்திலிருந்து விழுவதில்லை. மழையும் வெயிலும் இயற்கையின் செயல்; அவற்றை விழாவாக்குவது மனித உழைப்பு. ஆகவே ஒரு நகரத்தின் விழாவை மதிப்பிட முற்படுவோர், அங்கு எத்தனை விளக்குகள் எரிந்தன என்பதை விடுத்து, அது எவருடைய உழைப்பிலிருந்து பிறந்தது, எவருக்கு அதிலே பங்குண்டு என்று கேட்டல் வேண்டும்.

நுவரெலியா நகரின் ஏப்ரல் வசந்த விழாவை இவ்வளவுகோல் கொண்டு நோக்குவோம். குதிரைப் பந்தயம், மோட்டார் ஓட்டம், விக்டோரியா பூங்காவின் மலர்க் கண்காட்சி, கிரகரி வாவியிலே படகுச் சவாரி என நகரம் களைகட்டுகிறது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிக் கொழும்பிலிருந்து கூட்டம் கூட்டமாக மக்கள் வந்து சேர்கின்றனர். கீழ்நாட்டு வெக்கையைத் தாங்கமாட்டாத ஆங்கில அதிகாரிகளும் தோட்டத் துரைமாரும், 6,000 அடிக்கு மேலுள்ள இந்நகரிலே தம் தாயகத்தின் சாயலை அமைத்துக்கொண்டனர். அவர்களது ஓய்வுப் பருவமே இவ்விழாவின் தோற்றுவாய். வாவிக்குப் பெயர் தந்தவர் ஓர் ஆளுநர். பூங்காவுக்குப் பெயர் தந்தவர் ஓர் அரசி. துரைமார் சென்றுவிட்டனர், பருவம் எஞ்சி நின்றது.

நகரத்தார் களிப்பது குற்றமன்று. சிறு வியாபாரிகளுக்கும் அந்நாட்களிலே நாலு காசு கிடைக்கிறது. நமது வினா வேறு. மாசிவரை நீடிக்கும் வறட்சி நீங்கி மழை விழுந்ததும், ஏப்ரலிலும் மே மாதத்திலும் மலைகளிலே கொழுந்து பொங்கி எழுகிறது. நகரம் ஓய்ந்திருக்கும் பருவமே கூடை மிகவும் கனக்கும் பருவம். மலர்க் கண்காட்சிக்கு வருவோர் வழியெங்கும் காணும் பச்சை மலைகள், கொழுந்து பறிக்கும் பெண்களின் கைகளால் ஆனவை. அவ்விழாவிலே அப்பெண்களுக்குரிய இடம் யாது? நிழற்படத்தின் பின்னணி என்பதன்றி வேறில்லை.

தேநீரை உலகுக்கு அளித்த சீனாவை ஒப்புநோக்குதல் பயனுடையது. அங்கே ஏப்ரல் 4 அல்லது 5ஆம் திகதியளவிலே ‘சிங்மிங்’ என்னும் பருவ விழா வருகிறது. குடும்பத்தார் முன்னோரின் கல்லறைகளைத் துப்புரவு செய்து படையலிடுவர். ஹாங்சௌ நகரைச் சூழ்ந்த மலைகளிலே, அந்நாளுக்கு முன் பறிக்கும் இளங்கொழுந்துக்கே மதிப்பு மிகுதி. அங்கும் கொழுந்து பறிப்போர் கூலியுழைப்பாளரே. சந்தையின் கொடுமை அங்கும் இல்லாமலில்லை. ஆயினும் பருவம், தேயிலை, இறந்தோர் நினைவு ஆகிய மூன்றும் அங்கே ஒரு நாளைச் சுற்றி நிற்கின்றன. நமது மலையகத்தின் கதை என்ன? கோப்பிக் காலத்திலே மன்னார்க் கரையிலிருந்து மாத்தளைவரை நடந்துவந்து வழியிலே மாண்டோருக்கும், தேயிலைத் தூருக்கு உரமானோருக்கும் நகரத்து வசந்தம் ஒரு மலரையேனும் ஒதுக்கியதுண்டோ?

மலையகத்துக்கும் சொந்தமான ஒரு வசந்தம் உண்டு. அது காமன் கூத்து. மாசி அமாவாசையை அடுத்துக் கம்பம் நட்டு, காமன் பொட்டலிலே பல இரவுகள் தப்பு முழங்க ஆடப்படுவது. ரதி மதன் திருமணம், சிவனின் தவத்தைக் கலைக்கச் செல்லும் மதன், நெற்றிக்கண்ணால் எரிதல், ரதியின் ஒப்பாரி, மீண்டும் உயிர் எழுப்புதல் எனக் கதை நடக்கும். தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து கூலியாக வந்தோர் கொண்டுவந்த சொத்து இது. கொழுந்து குறைந்த வறட்சிக் காலத்தோடு அது இசைந்து நின்றதும் கவனிக்கத்தக்கது.

ரதி அழும்போது கூட்டமும் அழுவதேன்? 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனக் கூறுபோட்டது. அண்ணன் ஒரு கரையிலும் தம்பி மறு கரையிலுமாகக் குடும்பங்கள் பிளவுண்டன. அவ்வாறு பிரிந்தோர் முன் ரதியின் புலம்பல் வெறும் புராணமாக நிற்றல் இயலுமா? பழங்கதைக்குப் புதுப்பொருள் தந்தது வரலாறே.

இக்கலையை இன்று நகர மேடைகளிலே ‘கலாசார நிகழ்ச்சி’ என்ற பெயரிற் பத்து நிமிடத் துண்டாகக் காட்டுகின்றனர். ஒப்பாரி போய்விடுகிறது, ஆட்டமும் ஆடையும் மிஞ்சுகின்றன. விருந்தினர் கைதட்டுகின்றனர். விடியவிடியப் பார்த்து, தாமும் பங்குகொண்ட மக்களிடமிருந்து கூத்தைப் பறித்து, பார்வையாளருக்கு விற்கும் வேலையன்றோ இது?

அதேவேளை, மக்கள் கலை என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு போற்றுவதும் விமர்சனமாகாது. தப்பின் முழக்கத்திலே மெய்ம்மறப்போர், அதனை அடிப்பவரைச் சாதியின் பெயரால் ஒதுக்கிவைத்ததை மறத்தல் கூடாது. ரதிக்காக அழும் கூட்டத்திலே பெண்கள் பெருந்தொகையினர். ஆடுகளத்திலோ ரதி வேடத்தையும் ஆணே பூண்டான். தப்பைப் போற்றும் நாம் தப்படிப்பவரின் மதிப்புக்காகப் போராடாவிடின், நமது போற்றுதல் வெறும் சொல்லே.

ஆசிரியர்களும் மாணவர்களும் செய்யத்தக்கது உண்டு. சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தார். அவ்வழியிலே, முதிய கூத்தாசிரியர்களிடமிருந்து முழுக் கூத்தையும் எழுதிக்கொள்ளுதல் வேண்டும். காமன் பொட்டல்களைக் காத்தல் வேண்டும். பள்ளி மாணவிகளும் ரதியாக ஆடுதல் வேண்டும். இவை யாவற்றுக்கும் மேலாக, இரவு விழித்து ஆடியவன் மறுநாட் காலைப் பிரட்டுக்கு ஓடாதிருக்க ஓய்வு வேண்டும். அரைப்பேர் விழுமோ என்ற அச்சமற்ற கூலி வேண்டும். இவை கிட்டாதவரை, நுவரெலியாவிலே மலர்கள் பூக்கும். வசந்தம் வந்ததென்று சொல்லுதல் இயலாது.