வண்டு செத்தது சரி, அரிசி என்ன ஆச்சு?

யூகலிப்டஸ், கிராம்பு, எலுமிச்சைப்புல் மாதிரியான வாசனை எண்ணெய்கள் தானிய வண்டுகளைக் கொல்வது பற்றிய ஆய்வுக் கட்டுரைகளைக் கொஞ்ச நாளாகப் படித்துவருகிறேன். (இவற்றைச் சிலர் 'அத்தியாவசிய எண்ணெய்' என்று மொழிபெயர்க்கிறார்கள். எசென்ஸ், அதாவது சாரம் என்பதுதான் பொருள். அத்தியாவசியம் ஒன்றும் இல்லை.)

பெரும்பாலும் ஒரே அச்சுதான். ஒரு கண்ணாடிக் கிண்ணம், வடிதாளில் சில சொட்டு எண்ணெய், பத்திருபது வண்டுகள். மறுநாள் எண்ணிப் பார்த்தால் பெரும்பாலானவை செத்துக் கிடக்கும். உடனே முடிவுரையில் 'ரசாயனத்துக்குச் சிறந்த மாற்று' என்று ஒரு வரி. அந்த வரியோடுதான் எனக்குச் சண்டை.

கிண்ணத்தில் அரிசியே இல்லையே! எண்ணெயின் ஆவிதான் வண்டைக் கொல்கிறது. காலி ஜாடியில் அது நேராக வண்டுக்குப் போய்ச் சேரும். தானியத்தை நிரப்பினால் பெரும்பகுதியைத் தானியமே உறிஞ்சிக்கொள்ளும். அப்புறம் பல மடங்கு எண்ணெய் வேண்டும். பாஸ்பீன் வாயு மாதிரி மூட்டையின் நடு வரைக்கும் இது ஊடுருவாது. உறிஞ்சிய அரிசியை வடித்தால் சோற்றில் கிராம்பு வாசம் அடிக்காதா? விதைநெல் என்றால் முளைக்குமா? பல கட்டுரைகள் இந்தக் கேள்விகளைத் தொடுவதே இல்லை.

இது என் குறை மட்டுமல்ல. மர்ரே ஐஸ்மனும் மைக்கேல் கிரீனைசனும் 2014-ல் இதைக் கணக்கே போட்டுக் காட்டினார்கள். தாவரப் பூச்சிக்கொல்லிகள் பற்றி 1980-ல் வந்தவை 61 கட்டுரைகள், 2012-ல் 1,207. ஆனால் 2011-ல் வந்தவற்றில் 197-ஐ எடுத்துப் பார்த்தபோது, மூன்றில் ஒரு பங்கில்தான் உள்ளே என்ன வேதிப்பொருள் என்ற விவரம் இருந்தது. ஏற்கெனவே தெரிந்த பூச்சிக்கொல்லியோடு ஒப்பிட்டவை நாலில் ஒரு பங்குதான். துளசி எண்ணெயின் சேர்மானம் செடிக்குச் செடி, பருவத்துக்குப் பருவம் மாறும். அதைச் சொல்லாவிட்டால் அடுத்தவர் எப்படித் திரும்பச் செய்து பார்ப்பது?

எர்ணாவூர்ல உட்கார்ந்து இதை எழுத ஒரு காரணம் உண்டு. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் பக்கிங்காம் கால்வாய். காற்றில் எப்பவும் ஈரம். அரிசி டின்னைத் திறந்தால் வண்டு. 2023 டிசம்பர் 26 இரவு, எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து ஜனங்கள் மூச்சுத் திணறி வீட்டை விட்டு ஓடினார்கள். அதற்கப்புறம் இந்தப் பக்கம் 'கெமிக்கல்' என்றாலே அடிவயிறு கலங்கும். 'இயற்கை' என்று ஒட்டி எதை விற்றாலும் வாங்கிவிடுவோம்.

இயற்கை என்றாலே பத்திரம் இல்லை. அம்மா அரிசியில் வசம்புத் துண்டு போடுவாங்க. அந்த வசம்பு எண்ணெயிலுள்ள அசரோன் பூச்சிகளை மலடாக்கும் என்று 1977-ல் இந்திய ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் எழுதினார்கள். வசம்பு எண்ணெய் எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கியதைப் பார்த்து, அமெரிக்கா 1968-லேயே அதை உணவில் சேர்க்கத் தடை விதித்திருந்தது. துண்டு போடுவது வேறு, எண்ணெயை அரிசியில் கலப்பது வேறு. இரண்டையும் 'பாரம்பரியம்' என்று ஒரே மூட்டையில் கட்டக்கூடாது.

மாற்று தேவைதான், மறுக்கவில்லை. பாஸ்பீனுக்கு வண்டுகள் பழகிவருகின்றன. வீட்டுக்குள் அந்த மாத்திரை ஆளையே கொல்லும். ஆனால் பயறில் விளக்கெண்ணெய் தடவி வைக்கும் பழைய வழக்கத்தைப் பாருங்கள். வாசனை ஆவியெல்லாம் கிடையாது. முட்டைமேல் படிந்து மூச்சை அடைக்கிறது. பயறோடு, அடுப்பங்கரையில், சாப்பிடுகிறவர்களை வைத்தே சோதித்த முறை அது.

அடுத்த கட்டுரை எழுதுகிறவர்களுக்கு ஒரே வேண்டுகோள். கிண்ணத்தை ஓரமா வையுங்க. ஒரு டின் நிறைய அரிசி எடுங்க, மூணு மாசம் மூடி வைத்து வண்டை எண்ணுங்க. அப்புறம் அந்த அரிசியைச் சோறாக்கி, வீட்டில் இருக்கிறவங்களுக்குப் போட்டுப் பாருங்க. முடிவுரையை அதற்கப்புறம் எழுதலாம்.