இருக்கிற ஸ்கேனரை இல்லை என்று சொல்வது

போன மாதம் ஒரே ஒரு வாரத்துக்கு என் கைக்கு ஒரு பெட்டி வந்தது. மறைந்த பேராசிரியர் ஒருவரின் கள ஆய்வுக் குறிப்புகள். சுமார் 600 தாள், இரண்டு பக்கமும் கையெழுத்து. "அடுத்த சனிக்கிழமை திருப்பிக் கொடுத்துடுங்க தம்பி, அவர் கையெழுத்துன்னு இது ஒண்ணுதான் இருக்கு" என்றார் அவர் மனைவி. என்னிடம் இருந்தது செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு யூஎஸ்பி டாக்குமென்ட் ஸ்கேனரும், டெபியன் லினக்ஸ் ஓடும் மடிக்கணினியும். அரைநாள் வேலை என்று நினைத்தேன். மூன்று நாள் போச்சு. ஏன் போச்சு என்பதுதான் இந்தக் குறிப்பு.

லினக்ஸில் ஸ்கேனர் என்றால் 'சேன்'. 'ஸ்கேனர் ஆக்சஸ் நவ் ஈசி' என்பதன் சுருக்கம். பெயரிலேயே 'சுலபம்' இருக்கிறது, அதைப் பிறகு பார்ப்போம். முதலில் பாராட்டைச் சொல்லிவிடுகிறேன். விண்டோஸில் பழகிய 'ட்வெய்ன்' முறையில் ஸ்கேனரோடு பேசும் டிரைவரும் திரையில் வரும் அமைப்பு விண்டோவும் ஒன்றாகவே வரும். சேன் இரண்டையும் பிரித்துவிட்டது. இயந்திரத்தோடு பேசுவது பேக்எண்ட், நம்மோடு பேசுவது ஃப்ரண்ட்எண்ட். இரண்டும் வேறு வேறு கணினியில்கூட இருக்கலாம். தயாரித்த நிறுவனம் கைகழுவிய ஸ்கேனர்கள் இன்றும் லினக்ஸில் ஓடுவதற்கு இந்தப் பிரிவினையும், பேக்எண்டைப் பராமரிக்கிற தன்னார்வலர்களும்தான் காரணம். வடிவமைப்பில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

குறை, அது பேசும் விதத்தில். ஸ்கேனரைத் தேடச் சொல்லும் 'ஸ்கேன்இமேஜ்' கட்டளையைக் கொடுத்தேன். ஸ்கேனர் எதுவும் தென்படவில்லை, கேபிள் மாட்டியிருக்கிறதா, சுவிட்ச் போட்டிருக்கிறதா என்று பாருங்கள் என்ற பொருளில் பதில் வந்தது. மாட்டித்தான் இருந்தது, பச்சை விளக்கும் எரிந்தது. இதே பதில் குறைந்தது நாலு காரணத்துக்கு வரும். கேபிள் கோளாறாக இருக்கலாம். அந்த மாடலுக்குப் பேக்எண்டே இல்லாமல் இருக்கலாம். பேக்எண்ட் இருந்தும், யூஎஸ்பி சாதனத்தைத் தொட நம் பயனர் கணக்குக்கு அனுமதி இல்லாமல் இருக்கலாம். அல்லது ஸ்கேனருக்கு ஃபர்ம்வேர் போய்ச் சேராமல் இருக்கலாம். நாலு நோய்க்கும் ஒரே அறிகுறி என்றால் வைத்தியம் பார்ப்பது எப்படி?

நான் தப்பான வரிசையில் தேடினேன். முதல் நாள் கேபிள், இரண்டாம் நாள் அனுமதி. ரூட்டாக ஓட்டிப் பார்த்தும் அதே பதில். மூன்றாம் நாள் பேக்எண்டின் பிழைப்பதிவை இயக்கியபோதுதான் ஃபர்ம்வேர் கோப்பைக் காணோம் என்ற வரி கண்ணில் பட்டது. சில ஸ்கேனர்களுக்குள் முழு மென்பொருளும் நிரந்தரமாக இருக்காது. ஒவ்வொரு முறை போடும்போதும் கணினிதான் அனுப்பணும். அந்தக் கோப்பு நிறுவனத்தின் உரிமை, மறுவிநியோகத்துக்கு அனுமதி இல்லை என்பதால் டெபியன் அதைச் சேர்ப்பதில்லை. நிறுவனத்தின் விண்டோஸ் டிரைவரை இறக்கி, பிரித்து, உள்ளே இருந்த கோப்பை எடுத்து சேன் தேடும் இடத்தில் வைத்தேன். உடனே ஸ்கேனர் தெரிந்தது.

இதில் ஒரு பங்கு என் தவறு. எந்தெந்த மாடல் எந்த அளவுக்கு வேலை செய்யும் என்று சேன் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. 'முழுமை', 'நன்று', 'அடிப்படை' என்று ஒளிவுமறைவு இல்லாமல் தரம் போட்டிருப்பார்கள். என் மாடலுக்கு நேரே ஃபர்ம்வேர் வேண்டும் என்ற குறிப்பும் இருந்தது. 'நன்று' என்பதைப் பார்த்த சந்தோஷத்தில் அதைப் படிக்கவில்லை. பெரிய பங்கு நிறுவனத்துடையது. காசு வாங்கி விற்ற பெட்டி வேலை செய்யத் தேவையான கோப்பைப் பிறர் பகிரக்கூடாது என்பது என்ன நியாயம்? ஆனால் சேன் மீதும் ஒரு பங்கு உண்டு. உண்மையான காரணம் அதற்குத் தெரிந்திருந்தது. கேட்கும்வரை சொல்லவில்லை, அவ்வளவுதான். அந்த ஒரு வரியைச் சாதாரண பதிலிலேயே காட்டியிருந்தால் என் மூன்று நாள் மிஞ்சியிருக்கும்.

புதிதாக வாங்குபவர்களுக்கு ஒன்று. தனி டிரைவர் வேண்டாத 'ஈஎஸ்சிஎல்' முறை இப்போது லினக்ஸில் நன்றாக வேலை செய்கிறது. ஆனால் அது பெரும்பாலும் பிரிண்டரோடு சேர்ந்த ஸ்கேனர்களில்தான் வருகிறது. தனி டாக்குமென்ட் ஸ்கேனர் என்றால் பணம் கொடுக்கும் முன் அந்தப் பட்டியலைக் கடைசிக் கட்டம் வரை படியுங்கள்.

வியாழக்கிழமை ராத்திரி 600 தாளும் முடிந்தது. சனிக்கிழமை பெட்டியோடு ஒரு பென் டிரைவும் கொடுத்தேன். அந்த அம்மா பெட்டியைத்தான் முதலில் திறந்து எண்ணிப் பார்த்தார்.