எப்போது இறக்குவது?

எங்கள் தெருவில் ஒரு பையன் இருக்கிறான். ஓசூர் சிப்காட்டில் மோட்டார் உதிரிப்பாகம் செய்யும் ஆலை ஒன்றில் வேலை. இரவு ஷிப்டு முடிந்து வந்தவன் தூங்க வேண்டும் அல்லவா? தூங்கமாட்டான். வாசற்படியில் உட்கார்ந்து கைபேசியில் குத்துச்சண்டை பார்த்துக்கொண்டிருப்பான். மோசஸ் இட்டௌமா என்ற பெயரை எனக்கு முதலில் சொன்னவன் அவன்தான்.

இட்டௌமா இங்கிலாந்துக்காக ஆடும் ஹெவிவெயிட் வீரன். 2004 டிசம்பரில் பிறந்தவன். 2025 ஆகஸ்டில் ரியாத் நகரத்தில், பல பெரிய சண்டைகளைக் கண்ட டில்லியன் வைட்டை முதல் சுற்றிலேயே சாய்த்துவிட்டான். அதோடு 13 பந்தயம், 13 வெற்றி. அவற்றில் 11 நாக்-அவுட். அப்போது நான்கு பட்டங்களையும் வைத்திருந்தவர் உக்ரேன் தேசத்து உசிக்.

"இன்னும் எதுக்கு சார் காத்திருக்கணும்? நேரா உசிக்கோட விட வேண்டியதுதானே!" என்றான் எங்கள் தெருப் பையன்.

"ஏன் தம்பி, உங்கள் ஆலையில் புதிதாகச் சேர்ந்த அப்ரண்டிஸை மறுநாளே பெரிய பிரஸ்ஸில் நிறுத்துவார்களா?"

"ஐயையோ, விரல் போயிடும் சார்!"

"இங்கே போவது விரல் அல்ல, மூளை" என்றேன். சிரித்தான். ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை. "டைசன்?" என்று கேட்டான்.

இந்த விஷயத்தில் எழுதுகிறவர்கள் எல்லோரும் டைசனிடம்தான் போய் நிற்கிறார்கள். 1986 நவம்பர் 22-ல் டிரெவர் பெர்பிக்கை வீழ்த்திப் பட்டம் பெற்றபோது டைசனுக்கு வயது 20. அதற்குமேல் நான்கு மாதமும் சில நாட்களும். அந்தச் சாதனையை இட்டௌமா முறியடிப்பான் என்று பெரிய பிரஸ்தாபமாக இருந்தது. 2025 மே மாதத்தோடு அந்த வயது கடந்துவிட்டது. நல்ல வேளை என்றுதான் எனக்குத் தோன்றியது. காலண்டரோடு சண்டை போடுகிறவன் எதிரில் நிற்பவனைப் பார்க்கமாட்டான்.

டைசன் வேகமாகப் போனான் என்கிறார்களே, கணக்கைப் பாருங்கள். முதல் பந்தயம் 1985 மார்ச்சில். அந்த ஒரே வருஷத்தில் 15 பந்தயம். பட்டத்துக்குப் போகுமுன் மொத்தம் 27. அதிலும் 1986 மே மாதத்தில் ஜேம்ஸ் டில்லிஸ், மிட்ச் கிரீன் என்ற இருவர் அவனிடம் விழாமல் பத்துப் பத்துச் சுற்று நின்றார்கள். முன்னே வந்தவர்களில் பலரை முதல் சுற்றிலேயே கொன்று போட்டதைவிட, விழ மறுத்த அந்த இரண்டு பேரிடம்தான் அவன் அதிகம் கற்றிருப்பான் என்பது என் அபிப்பிராயம். இட்டௌமாவோ வைட்டோடு மோதி முடித்த நாள்வரை ஆறு சுற்றைத் தாண்டியதே இல்லை. பட்டத்துக்கான சண்டை 12 சுற்று.

டைசனை வளர்த்த கஸ் டமாட்டோவின் கதை இன்னும் சுவாரஸ்யமானது. அதற்கு முப்பது வருஷம் முன்பு ஃபிளாயிட் பாட்டர்சனை 21 வயதில் உலகச் சாம்பியனாக்கியவரும் அவரே. பாட்டர்சனுக்கு எதிரிகளை அவர் பொறுக்கிய அழகைக் கேளுங்கள்: 1957-ல் பீட் ராடமாக்கர் என்ற ஒலிம்பிக் வீரன், தொழில்முறையில் ஒரு பந்தயம்கூட ஆடாதவன், நேரே பட்டத்துக்கே மோத வந்தான். சாம்பியனை இரண்டாம் சுற்றில் ஒருமுறை கீழேயும் தள்ளினான். ஆறாவதில் தானே விழுந்தான். சோனி லிஸ்டன் பக்கமே போக வேண்டாம் என்பது டமாட்டோவின் எண்ணம். பாட்டர்சன் கேட்கவில்லை. 1962-ல் போனார், முதல் சுற்றிலேயே முடிந்துவிட்டது. மறுவருஷமும் அப்படியே. ஒரே குரு, இரண்டு சிஷ்யர்கள். ஒருவனை ஓடவிட்டார், மற்றவரைப் பொத்தி வைத்தார்.

பொத்தி வைப்பதன் பலனை இன்னும் பச்சையாகக் காட்டியது டுவேன் பாபிக்கின் சண்டை. 38 வெற்றி, தோல்வியே கிடையாது. 1977-ல் கென் நார்ட்டன் முன்னால் 58 விநாடி நின்றான். 38 பந்தயமும் அவனுக்கு எதைக் கற்றுக்கொடுத்தன? மறுபுறம் லியான் ஸ்பிங்க்ஸ்: தன் எட்டாவது பந்தயத்திலேயே, 1978 பிப்ரவரியில், முகம்மது அலியை ஜெயித்தான். ஏழு மாதத்தில் அலியிடமே திருப்பிக் கொடுத்தான். பிறகு அந்தப் பட்டம் அவன் கைக்கு வரவே இல்லை.

நம் நாட்டில் இந்தத் தர்க்கமே எழவில்லை. அவசரப்படுத்த ஆள் இருந்தால்தானே! 1982 டில்லி ஆசிய விளையாட்டில் ஹெவிவெயிட் தங்கம் வாங்கிய கௌர் சிங், இருபது வயது கடந்து ராணுவத்தில் சேர்ந்த பிறகே இந்த ஆட்டத்துக்கு வந்தவர்.

போச்சம்பள்ளிப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு தோப்புக்காரர் இருக்கிறார். ஒட்டு மாங்கன்று நட்ட மறுவருஷமே பூவெடுத்துவிடும். முதல் மூன்று வருஷம் அவர் அதைக் கிள்ளி எறிந்துவிடுவார். பார்க்கிறவர்களுக்கு வயிறு எரியும். காய்க்க விட்டால் மூன்று காய் கிடைக்கும், தண்டு தடிக்காது என்பார். ஆனால் அதே மனிதர் கன்றுக்கு நிழல் கட்டுவதை முதல் கோடையோடு நிறுத்திவிடுவார். காற்றில் ஆடினால்தான் வேர் ஆழம் போகுமாம். நம் ஊரில் முதல் கதை அச்சானதுமே தொடர்கதை கேட்டு வருகிற பத்திரிகை ஆசிரியர்களுக்கு அவரை அறிமுகம் செய்துவைக்க எனக்கு வெகுநாளாக ஆசை.

பூவையும் கிள்ளி நிழலையும் எடுப்பது என்றால் இந்தப் பையன் விஷயத்தில் என்ன அர்த்தம்? பட்டத்தை இப்போதைக்கு அவன் கண்ணில் காட்டக் கூடாது. சுலபமான ஆளையும் காட்டக் கூடாது.

"அப்போ யாரைத்தான் விடலாங்கிறீங்க?" என்று கேட்டான் எங்கள் தெருப் பையன்.

"பெயர் முக்கியமில்லை. எட்டுச் சுற்று விழாமல் நின்று, கட்டிப் பிடித்து, இவனுக்கு மூச்சு வாங்க வைத்து, ஒரு முறையாவது மூக்கில் ரத்தம் வரவழைக்கிற கிழட்டு ஆள் ஒருவன். அப்படிப்பட்டவர்களாக நாலு பேர்."

கொஞ்ச நேரம் யோசித்தான். "நல்லாத்தான் இருக்கு சார். ஆனா அதுக்கு எவன் டிக்கெட் வாங்குவான்? நானே பார்க்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனான்.