பாட்டுக்கு உடையவர் யார்?

கேகாலை மாவட்டத்துத் தோட்டப் பாடசாலையொன்றின் பரிசளிப்பு விழாவுக்கு நாம் ஒருமுறை சென்றிருந்தோம். சிறுவர் சிறுமியர் பத்துப் பேர் மேடையேறி, ஒலிபெருக்கியில் எழுந்த ‘என்ஜாய் எஞ்சாமி’ என்னும் பாடலுக்கு ஆடினர். கூடம் முழுவதும் கைதட்டியது. முன்வரிசையில் இருந்த மூதாட்டி ஒருவர் மட்டும் கைதட்டவில்லை; தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆட்டம் முடிந்ததும், அருகில் நின்ற இளம் ஆசிரியரிடம், “தம்பி, இது நம்ம இழவு வீட்டுப் பாட்டு மாதிரியில்ல இருக்கு? யாரு பாட்டு?” என்றார். “தீ பாடினது, அம்மாயி” என்றார் ஆசிரியர். “பாடுனது சரி தம்பி, கட்டுனது யாரு?” என்று மூதாட்டி மீண்டும் கேட்டார். ஆசிரியரிடம் விடை இருக்கவில்லை.

றப்பர் மரங்களுக்கிடையே பால்வாளி சுமந்து ஆயுளைக் கழித்த அந்த மூதாட்டி கேட்டது இலக்கிய விமர்சனத்தின் அடிப்படைக் கேள்விகளுள் ஒன்றாகும். ஒரு பாட்டுக்கு உடையவர் யார்? இயற்றியவரா, பாடியவரா, ஒலிப்பதிவு செய்து விற்றவரா? அன்றி, எவருடைய வாழ்விலிருந்து அது பிறந்ததோ அந்த மக்களா? இக்கேள்வியை முன்வைத்தே இப்பாடலை நாம் ஆராய விரும்புகின்றோம்.

பாடல் பிறந்த கதையை முதலிற் கூறுவோம். 2021 மார்ச்சு 7ஆம் திகதி, ‘மாஜா’ என்னும் இசை நிறுவனத்தின் வாயிலாக இது வெளிவந்தது. இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன். பாடியவர்கள் தீயும் அறிவும். சொற்களை யாத்தவர் அறிவு. தமிழ்நாட்டின் அரக்கோணத்தைச் சேர்ந்த இவ்விளைஞர், சாதியொழிப்பைப் பாடுவதற்கென 2018 சனவரியில் சென்னையில் மேடையேறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்னும் இசைக்குழுவின் மூலம் அறியப்பட்டவர். 2019இல் ‘தெருக்குறள்’ என்ற இசைத்தொகுப்பை வெளியிட்டவர். அவருடைய பாட்டியார் வள்ளியம்மாள் இலங்கையின் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துப் பின்னர் தமிழகம் திரும்பியவர். பேரனுக்கு அவர் சொன்ன கதைகளும் ஒப்பாரியின் ஓசையுமே பாடலின் கரு. ஒப்பாரியோடு அமெரிக்கக் கறுப்பின மக்களின் ‘றப்’ என்னும் பேச்சிசையும் கலந்தது. வள்ளியம்மாளும் அதன் காட்சிப்படத்தில் தோன்றுகின்றார். 2022ஆம் ஆண்டுக்குள் யூடியூபில் அது நாற்பது கோடிக்கும் அதிகமான தடவைகள் பார்க்கப்பட்டது. தமிழ் அறியாத நாடுகளிலும் அதற்கு ஆடினார்கள்.

வள்ளியம்மாளைப் போன்றோர் ஏன் திரும்பினர் என்பதை நம் மாணவர்கள் அறிந்திருத்தல் வேண்டும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலாரை நாடற்றவர் ஆக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் மக்களைக் கணக்குப் பார்த்துப் பங்கிட்டது: ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. பங்கிடப்பட்ட மக்களிடம் எவரும் விருப்பம் கேட்கவில்லை. தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குப் புறப்பட்ட கப்பலிலே தாய் ஏற, மகள் கரையில் நின்ற குடும்பங்கள் உண்டு.

நம் சப்ரகமுவத் தோட்டங்களுக்கு இந்த வரலாற்றில் தனியானதோர் இடம் உண்டு. நுவரெலியாவைப் போல் இங்கே தோட்டங்கள் ஒன்றோடொன்று தொடுத்து நிற்கவில்லை. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, இறக்குவானை, காவத்தை, பலாங்கொடை எங்கணும் தேயிலையும் றப்பரும் சிங்களக் கிராமங்களுக்கு இடையே துண்டு துண்டாகக் கிடக்கின்றன. அதனால், 1981 ஆகஸ்டில் இரத்தினபுரிப் பகுதித் தோட்டங்களின் மீது வன்செயல் பாய்ந்தபோது ஒரு தோட்டத்துக்கு மறு தோட்டம் துணைவர முடியவில்லை. பலர் வடக்குக்குப் போயினர். பலர் இந்தியாவுக்குப் போயினர். ஒரு லயம் வெறுமையாகும்போது அந்த லயத்துப் பாட்டும் வெறுமையாகின்றது. தாலாட்டும் ஒப்பாரியும் ஏடுகளில் இருப்பவை அல்ல. பாடுபவர் போனால் அவையும் போகும்.

மலையகத்தில் பாட்டு வெறும் பொழுதுபோக்காக இருந்ததில்லை. விடியுமுன் தொழிலாளரைப் பிரட்டுக்களத்துக்கு அழைத்தது தப்பின் ஓசை. அதே தப்பு, திருவிழாவிலும் சாவிலும் மக்களின் சொந்தக் குரலாக ஒலித்தது. துரைக்காக அடித்த கருவியைத் தமக்காகவும் அடித்தனர் என்பதில் ஒரு முழு வரலாறு அடங்கியுள்ளது. கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள் தொழிலாளர் கூட்டங்களிற் பாடிய பாட்டுகள் தொழிற்சங்கத்துக்கு ஆள் திரட்டின. மடக்கும்பரைத் தோட்டத்திற் பிறந்த ஸி. வி. வேலுப்பிள்ளை, தொழிலாளர் நாவில் வழங்கிய பாட்டுகளைத் திரட்டி 1983இல் ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என நூலாக்கினார். அடுத்த ஆண்டே அவர் மறைந்தார். அந்நூல் இல்லையேல் நாம் இழந்திருக்கக்கூடியது எவ்வளவு என்பதை எண்ணிப் பார்க்கவும் அச்சமாக இருக்கின்றது.

இந்த மரபின் வழியே நோக்கும்போது, ‘என்ஜாய் எஞ்சாமி’யின் சிறப்பு எது என்பது தெளிவாகும். ‘சாமி’ என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். பண்ணையடிமை ஆண்டையைக் கும்பிட்டு அழைத்த சொல் அது. அதே சொல்லால்தான் பாட்டி தன் பேரக்குழந்தையைக் கொஞ்சுகின்றாள். அடிமைத்தனத்தின் சொல்லை உழைக்கும் பெண்கள் அன்பின் சொல்லாக மாற்றிக்கொண்டனர். அதன் முன்னே ஆங்கிலத்தில் ‘மகிழ்ந்திரு’ எனப் பொருள்படும் சொல்லை நிறுத்தியதால் கேலியும் ஆசியும் ஒருங்கே பிறக்கின்றன. நிலத்தைத் திருத்தி மரம் நட்டவருக்கு அதன் பயன் கிட்டவில்லை என்ற முறைப்பாட்டை, கேட்போர் ஆடத்தக்க தாளத்தில் அமைத்திருக்கின்றார்கள். அழுகையை ஆட்டத்தில் மறைப்பது பலவீனமன்று. தப்படித்து ஆடிப் பிணம் எடுக்கும் மக்களுக்கு அது பழகிய வழி.

எனினும் குறையையும் கூறவேண்டும். பாடலில் மூதாதையர் உண்டு, காடு உண்டு, நீர்நிலையும் உயிரினங்களும் உண்டு. நிலத்தைப் பறித்தவர் யார் என்பது இல்லை. கங்காணி இல்லை, லயம் இல்லை, ஒப்பந்தம் இல்லை, கப்பல் இல்லை. நிலம் எல்லா உயிர்க்கும் பொது என்ற உயர்ந்த எண்ணத்துக்குள் நிலமற்றவனின் குறிப்பான வழக்குக் கரைந்துவிடுகின்றது. கேட்பவன் மனம் நெகிழ்கின்றான். ஆனால் எவர்மீதும் சினம் கொள்ள அவனுக்குக் காரணம் கிடைப்பதில்லை. அப்பாடல் எவ்வித எதிர்ப்புமின்றி எல்லா மேடைகளுக்கும் ஏற்புடையதானதற்கு இதுவும் ஒரு காரணம் என்பதே நம் கருத்து. அது வெளிவந்த அதே 2021 மார்ச்சில்தான், பல்லாண்டுப் போராட்டத்தின் பின் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயென வர்த்தமானியில் வெளியாயிற்று. பாட்டைக் கொண்டாடிய உலகில் எத்தனை பேர் அந்தச் செய்தியை அறிந்தனர்?

இனி, மூதாட்டியின் கேள்விக்கு வருவோம். 2021 ஆகஸ்டில் ‘றோலிங் ஸ்டோன்’ இதழின் இந்தியப் பதிப்பு இப்பாடலின் புகழைக் குறிப்பிட்டு வெளியிட்ட அட்டைப்படத்தில் தீ இருந்தார், அறிவு இருக்கவில்லை. இயக்குநர் பா. ரஞ்சித் உள்ளிட்டோர் கண்டித்த பின்னரே அறிவின் படம் தாங்கிய இன்னோர் அட்டை வெளிவந்தது. 2022 சூலை 28ஆம் திகதி சென்னையில் நடந்த சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் பாடல் அரங்கேறியபோதும் அறிவு மேடையில் இல்லை. சில நாட்களின் பின் அவர் அறிக்கையொன்றை வெளியிட்டார். மெட்டையோ சொல்லையோ தமக்கு எவரும் தரவில்லை என்று அதில் உரிமை கோரினார். சந்தோஷ் நாராயணன், பாடல் பலரின் கூட்டு உழைப்பு என்றும் இசையமைப்புத் தம்முடையது என்றும் மறுமொழி கூறினார். அறிவின் பங்கைத் தாம் ஒருபோதும் மறைத்ததில்லை எனத் தீயும் விளக்கினார். 2024இல் அப்பாடலால் தங்களுக்கு வருமானம் வந்து சேரவில்லை எனச் சந்தோஷ் நாராயணன் பகிரங்கமாகக் கூற, நிறுவனத்தின் தரப்பிலிருந்து மறுவிளக்கம் வந்தது.

இவர்களுள் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புரைப்பது நம் நோக்கமன்று. தனிமனிதரின் நல்லெண்ணத்தையோ கெட்ட எண்ணத்தையோ பொறுத்த விஷயமாக இதைக் குறுக்குவது தவறு. கூட்டாகப் பிறந்த கலை சந்தைக்குள் நுழைந்ததும் அதற்கோர் உரிமையாளர் தேவைப்படுகின்றார். அப்பொழுது எந்தப் பெயர் மேலே எழுகின்றது, எந்தப் பெயர் அட்டையிலிருந்து நழுவுகின்றது என்பது தற்செயலாக நிகழ்வதில்லை. சமூகத்தில் எவருக்கு எந்த இடம் என்ற பழைய வரிசையே அங்கும் வேலை செய்கின்றது.

உலக அனுபவமும் இதுவே. ‘லெட் செப்பெலின்’ என்னும் ஆங்கிலேய றொக் இசைக்குழு 1971 நவம்பரில் வெளியிட்ட, பெயரிடப்படாத நான்காம் இசைத்தட்டு கோடிக்கணக்கில் விற்பனையானது. அதன் பெரும்பகுதியை ஹாம்ஷயரில் ஹெட்லி கிறேஞ்ச் என்னும் பழைய மாளிகையில் ஒலிப்பதிவு செய்தனர். அது ஒருகாலத்தில் ஏழைகளை அடைத்து வேலைவாங்கிய இல்லமாகும். அதன் மாடிப்படியின் அடியில் முரசை வைத்து, மேலே ஒலிவாங்கியைத் தொங்கவிட்டு அவர்கள் பதிந்த பேரோசையை இசையறிஞர் இன்றும் வியக்கின்றனர். அவ்வோசை ஒலிக்கும் கடைசிப் பாடல், அணை உடைந்து வெள்ளம் வருவதைப் பற்றியது. அப்பாட்டு அவர்களுடையதன்று. மெம்பிஸ் மின்னி, கன்சாஸ் ஜோ மெக்கோய் என்னும் கறுப்பினத் தம்பதியர் 1929இல் பதிந்தது. 1927ஆம் ஆண்டின் மிசிசிப்பிப் பெருவெள்ளத்தில், கறுப்பினத் தொழிலாளர் கழுத்தில் அடையாள அட்டை தொங்க, துப்பாக்கிக் காவலின் கீழ் அணை கட்ட ஏவப்பட்டனர். தகர வில்லை கட்டித் தோட்டத்துக்கு அனுப்பப்பட்ட நம் முன்னோரின் நினைவு இங்கே வாராமற் போகுமா?

இசைத்தட்டில் குழுவினர் நால்வரின் பெயரோடு மெம்பிஸ் மின்னியின் பெயரும் இடம்பெற்றது. ஜோ மெக்கோயின் பெயர் இடம்பெறவில்லை. அதே குழுவினர் 1969இல் வெளியிட்ட வேறொரு பாடலுக்காக வில்லி டிக்ஸன் என்ற கறுப்பினக் கவிஞர் 1985இல் நீதிமன்றம் போனார்; 1987இல் வழக்குச் சமரசத்தில் முடிந்தது; அதன் பின்னரே அவர் பெயர் பாடலின் மேல் ஏறியது. அக்குழுவினர் கலைஞர்கள் அல்லர் என்று நாம் சொல்லவில்லை. அந்த முரசின் முழக்கம் அவர்களுடைய சிருஷ்டியே. ஆனால் சிருஷ்டியின் பெருமை, கடனை மறுப்பதற்கு நியாயமாகாது. டிக்ஸனுக்கு ஒரு பெயர் இருந்தது, ஓர் இசைத்தட்டு இருந்தது. ஆகவே வழக்குப் போட முடிந்தது. நம் மூதாட்டியரிடம் என்ன இருக்கின்றது?

பிறரை மட்டும் குறைகூறி நாம் தப்பிவிட முடியாது. நாட்டார் பாடல் என்று நாம் போற்றி வெளியிட்ட தொகுதிகள் பலவற்றைப் புரட்டிப் பாருங்கள். தொகுத்தவர் பெயர் முகப்பிலே இருக்கும். அணிந்துரை எழுதிய பேராசிரியரின் பெயர் அடுத்து இருக்கும். பாட்டைச் சொன்ன பெண்ணின் பெயரைத் தேடவேண்டியிருக்கும். ‘மக்களின் சொத்து’ என்று நாம் மனமார எழுதினோம். அந்தச் சொற்றொடரின் மறைவில், குறிப்பிட்ட ஒரு தாய் குறிப்பிட்ட ஒரு சாவுக்குக் கட்டிய குறிப்பிட்ட ஓர் அடி, ஆளற்ற சொத்தாகிவிட்டது. மரபு கூட்டுப் படைப்பு என்பது உண்மையே. ஆனால் அதைக் கட்டியவர்கள் பெயருள்ள மனிதர்கள். பிரட்டுக்களத்தில் பேர் போட்ட கணக்கப்பிள்ளை, கூலியைக் குறைக்க மட்டும் அப்பெயர்களைத் தவறாமல் எழுதிவைத்தான். அவ்வளவு கவனத்தையாவது நாம் பாட்டுக்குக் காட்டியிருக்க வேண்டாமா?

இவ்வகையில் அறிவின் பாடல் செய்த ஒரு காரியத்துக்காக, மேலே கூறிய குறைகளையெல்லாம் கடந்து நாம் அதற்குக் கடமைப்பட்டுள்ளோம். அது ‘ஒரு பாட்டி’ என்று சொல்லவில்லை. வள்ளியம்மாள் என்று சொன்னது. ஒப்பந்தத்தின் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் என்ற எண்ணிலிருந்து ஒரு பெண்ணைப் பெயரோடு வெளியே அழைத்து வந்தது. தோட்டத்துப் பெண்ணொருத்தியின் பெயரை உலகம் இவ்வளவு உரத்துக் கேட்டது எமக்குத் தெரிய இதுவே முதல் தடவை.

விழா முடிந்த பின் நாம் அந்த மூதாட்டியின் லயத்துக்குச் சென்றோம். கேட்டதன் பேரில், தம் தாயார் பாடிய ஒப்பாரி ஒன்றைத் தாழ்ந்த குரலிற் பாடிக்காட்டினார். “இது யார் கட்டியது, அம்மா?” என்று இம்முறை நாம் கேட்டோம். “எங்க ஆத்தா கட்டுனதுங்க. தம்பி செத்தப்ப. அதுக்கு முந்தி இந்தப் பாட்டு இல்ல” என்றார். உடன் வந்திருந்த இளம் ஆசிரியர் தம் குறிப்பேட்டைத் திறந்து முதலில் தாயாரின் பெயரையும், பிறகு பாடியவரின் பெயரையும், தோட்டத்தின் பெயரையும் எழுதினார். அதன் கீழே பாட்டை எழுதத் தொடங்கினார்.

சப்ரகமுவத் தோட்டப் பாடசாலைகளில் கற்பிக்கும் நண்பர்கள் யாவரையும் இதையே செய்யும்படி வேண்டுகின்றோம். மாணவர் ஒவ்வொருவரும் விடுமுறையில் தம் வீட்டு மூத்தவரிடம் ஒரு பாட்டைக் கேட்டு எழுதிவரட்டும். கட்டியவர் யார், எப்பொழுது, எதற்காக என்பவற்றைப் பாட்டுக்கு மேலேயே எழுதட்டும். தெரியாவிடின் பாடியவர் பெயரையாவது எழுதட்டும். நாளை ஒரு நிறுவனம் அந்தப் பாட்டை எடுத்து உலகெங்கும் விற்கலாம். அப்பொழுது காட்டுவதற்கு நம் கையில் ஒரு குறிப்பேடு இருத்தல் வேண்டும்.