மனாசே எதற்காக வருந்தினான்?

பைபிளில் மனாசே என்கிற யூதா ராஜாவைப் பற்றி இரண்டு ரிப்போர்ட் இருக்கிறது. ஒன்று 2 இராஜாக்கள் 21, இன்னொன்று 2 நாளாகமம் 33. ரெண்டு ஃபைல் கையில் கிடைத்தால் டிஃப் போட்டுப் பார்க்கிறது என் தொழில் புத்தி. அப்படிப் பார்த்ததில் கண்ணில் பட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் பத்து வசனம் கிட்டத்தட்ட ஒன்றேதான். 12 வயதில் பட்டத்துக்கு வருகிறான், 55 வருஷம் ஆள்கிறான். அப்பா எசேக்கியா இடித்துப் போட்ட மேடைகளைத் திரும்பக் கட்டுகிறான். பாகாலுக்குப் பலிபீடம், வானத்து நட்சத்திரங்களுக்குப் பலிபீடம், எருசலேம் ஆலயத்துக்கு உள்ளேயே ஒரு விக்கிரகம். பெற்ற பிள்ளையைத் தீயில் கடக்கப் பண்ணினான் என்றும் இருக்கிறது. (பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் 'தோப்பு' என்று வருவதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். மூலத்தில் அது அசேரா, கானானியப் பெண் தெய்வம்.)

அதற்குப் பிறகு இரண்டும் பிரிகின்றன. இராஜாக்கள் புத்தகத்தில் அவன் கடைசிவரை திருந்தவே இல்லை. எருசலேம் ஒரு முனை தொடங்கி மறுமுனை வரைக்கும் குற்றமில்லாத ரத்தத்தால் நிரம்பும்படி கொலை செய்தான், செத்தான், தன் அரண்மனைத் தோட்டத்தில் அடக்கம் பண்ணப்பட்டான். அவ்வளவுதான். நாளாகமத்திலோ அசீரியத் தளபதிகள் அவனை விலங்கு போட்டு பாபிலோனுக்கு இழுத்துப் போகிறார்கள். அங்கே தன்னைத் தாழ்த்தி ஜெபிக்கிறான், கடவுள் இரங்குகிறார், திரும்பி வந்து சிம்மாசனத்தில் உட்காருகிறான், சிலைகளை அகற்றுகிறான்.

நடந்திருக்குமா? எசரத்தோன், அசூர்பானிபால் என்ற இரண்டு அசீரியப் பேரரசர்களின் கல்வெட்டுகளிலும் மனாசே பெயர் வருகிறது. ஒன்றில் நினிவே அரண்மனைக்குக் கட்டுமானப் பொருள் சுமக்க வைக்கப்பட்ட 22 ராஜாக்களில் ஒருவன். மற்றதில் எகிப்துப் படையெடுப்பின்போது கப்பம் கட்டிய சிற்றரசர்களில் ஒருவன். இரண்டிலும் அவன் கலகக்காரன் இல்லை, அடங்கிப்போன ஆள். ஆனால் பிடித்துக்கொண்டு போய்த் திருப்பி அனுப்புவது அசீரியர்களுக்குப் புதுசில்லை. எகிப்தின் முதலாம் நேகோவை நினிவேக்குக் கொண்டுபோய், மரியாதை செய்து, சாயிஸ் நகரத்தை ஆளத் திருப்பி அனுப்பியவர்தான் இந்த அசூர்பானிபால். ஆக, கதைக்கு இடம் உண்டு.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, நாளாகமக்காரருக்கு இந்தக் கதை ஏன் தேவைப்பட்டது என்பது. அவருடைய கணக்கில் நல்லவன் நீடித்து வாழ வேண்டும், கெட்டவன் உடனே அனுபவிக்க வேண்டும். யூதாவிலேயே ரொம்பக் கெட்ட ராஜா, எல்லாரையும்விட அதிகமாக 55 வருஷம் ஆண்டுவிட்டான். கணக்கு இடிக்குதே! அதே சிக்கல் பேரன் யோசியாவிடம் தலைகீழாக வருகிறது. நல்லவன், மெகிதோவில் 39 வயதில் சாகிறான். அங்கேயும் ஒரு காரணம் சேர்க்கப்படுகிறது: எகிப்து ராஜா வாயிலாக வந்த கடவுளின் எச்சரிக்கையை அவன் கேட்கவில்லையாம். இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி பேட்ச்.

இதை வெறும் ஒட்டு வேலை என்று தள்ளிவிட்டால் நாளாகமக்காரருக்கு அநியாயம் செய்தவர்களாவோம். பாவம், பாபிலோன், ஜெபம், திரும்பவும் எருசலேம்: மனாசே போன பாதை அவருடைய வாசகர்களின் முன்னோர் போய்வந்த அதே பாதை. கி.மு. 586-இல் ஆலயம் எரிந்து, சிறைப்பட்டுப் போய், திரும்பி வந்த ஜனத்துக்கு "நம்ம எல்லாரிலும் மோசமானவனுக்கே வழி திறந்தது" என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். மனாசேயை விடப் பொருத்தமான ஆள் கிடையாது. இராஜாக்கள் புத்தகமோ, தேசம் அழிந்ததற்கே அவனைத்தான் காரணமாக எழுதி வைத்திருக்கிறது.

சரி, இப்போ என் புகாருக்கு வருகிறேன். டிஃபில் காணாமல் போன வரி எது தெரியுமா? அந்தக் குற்றமில்லாத ரத்தம். நாளாகமத்தில் அது இல்லவே இல்லை. இராஜாக்கள் 24-ஆம் அதிகாரத்தில் கடவுள் மன்னிக்க விரும்பாதது என்று தனியாகச் சொல்லப்படுவதும் அந்த ரத்தத்தைத்தான். திருந்தின ராஜாவின் கதையில் சிலைகள் இருக்கின்றன, பலிபீடங்கள் இருக்கின்றன, பிள்ளைகளின் தீகூட இருக்கிறது, தெருவில் செத்தவர்கள் இல்லை.

பிற்காலத்தில் யாரோ எழுதிய 'மனாசேயின் ஜெபம்' என்று ஒரு சின்ன நூல் உண்டு, 15 வசனம். 1611-இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளின் தள்ளுபடி ஆகமங்களில் இது இருக்கிறது. உருக்கமான ஜெபம், பொய் சொல்லக் கூடாது. பாவம் கடல் மணலைவிட அதிகம் என்கிறான், இரும்புச் சங்கிலி பாரத்தில் குனிந்து கிடக்கிறான், இதயமே முழங்கால் போடுகிறது. ஆனால் என்ன பாவம் என்று சொல்ல வரும்போது அருவருப்புகளை நிறுத்தியதைச் சொல்கிறான். கொன்றவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எங்கள் ஆபீஸில் சர்வர் விழுந்த மறுநாள் வரும் ரிப்போர்ட் மாதிரி இருக்கிறது: வருத்தம் நிறைய, யாருக்கு நஷ்டம் என்ற வரி மட்டும் இல்லை.

விக்கிரக ஆராதனைதான் மூல பாவம், மற்றதெல்லாம் அதில் அடக்கம் என்று பதில் வரலாம். யூத ரபிகளுக்கே இதில் நிம்மதி இல்லை. மிஷ்னாவில் மறுமையில் பங்கில்லாத மூன்று ராஜாக்களில் மனாசேயும் ஒருவன். ரபி யூதா, அவன் ஜெபித்தானே, பங்கு உண்டு என்கிறார். மற்றவர்களின் பதில்: ராஜ்யம்தான் திரும்பக் கிடைத்தது, மறுமை இல்லை. நான் மற்றவர்கள் கட்சி.

இன்னொன்றையும் கவனியுங்கள். சிலைகளை மனாசே நகரத்துக்கு வெளியே எறிந்தான் என்றுதான் இருக்கிறது, உடைத்தான் என்று இல்லை. யோசியா வரும்போதுதான் அவை தூளாகின்றன. இடையில் வந்த மகன் ஆமோன் என்ன செய்தான்? அதே 33-ஆம் அதிகாரம், ஏழே வசனம் தள்ளி: அப்பா செய்து வைத்த அந்தச் சிலைகளுக்குப் பலியிட்டான்.